வலிக்கலையே, அப்பா!

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுச் சின்னவனுக்குப் பல்வலி வந்தது. வயது ஆறு. செங்கற்பட்டில் நாங்கள் குடியிருக்கும் தெருவே அன்று இரவு தூங்கவில்லை என்றால் அது மிகையாகாது. கடைசியில் என் தாயார் எழுந்து வந்து, ஒரு கிராம்பை நசுக்கிப் பஞ்சில் சுற்றி அவன் கடைவாயில் வைத்தாள். அரை மணியில் அழுகை விம்மலாயிற்று, விம்மல் தூக்கமாயிற்று.

"பல் டாக்டரெல்லாம் வராத காலத்தில் நாங்கள் என்ன, பல் இல்லாமலா இருந்தோம்?" என்றாள் அம்மா, வெற்றியுடன். அவளுக்கு இப்போது மிச்சமிருப்பவை நான்கே பற்கள் என்பதை நான் அந்த நேரத்தில் ஞாபகப்படுத்தவில்லை.

ஆனால் கிராம்பை இலேசாக எண்ணிவிடக் கூடாது. அதிலுள்ள யூஜினால் என்ற பொருள் நரம்பின் உணர்ச்சியைச் சிறிது நேரம் அடக்கி வைக்கும். பல் வைத்தியர்கள் சொத்தையைத் தற்காலிகமாக அடைக்கும்போது இன்றும் அதைத் துத்தநாக ஆக்சைடுத் தூளுடன் குழைத்துப் பயன்படுத்துகிறார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இருக்கிறதே, அதற்கும் கிராம்புக்கும் உறவு உண்டு. கிராம்பு விளைந்த கிழக்குத் தீவுகளில் நம் சோழமண்டலக் கரைத் துணிக்கு நல்ல கிராக்கி. டச்சுக்காரர்கள் இந்தக் கரையில் துணி வாங்கினார்கள். அதை அங்கே கொடுத்துக் கிராம்பு வாங்கினார்கள். நம் தறியில் நெய்த துணிக்கு ஈடாகப் போன கிராம்பு எத்தனை ஐரோப்பியப் பல்வலிகளை அடக்கியதோ!

என்ன இருந்தாலும் கிராம்பு வலியை அடக்குமே தவிர, சொத்தையைக் குடைந்தெடுக்க இடம் கொடுக்காது. மறுநாள் காலையில் பல் வைத்தியரிடம் போனோம். வைத்தியர் ஓர் இளம் பெண். பொறுமையாக எனக்கு வழிகளை எடுத்துச் சொன்னார்.

"ஈறில் மருந்துக் களிம்பைத் தடவி, அது மரத்ததும் ஊசி போடலாம். பயந்த குழந்தையானால், மூக்கு வழியாகச் சிரிப்பு வாயுவைப் பிராணவாயுவோடு கலந்து கொடுப்பதுண்டு. குழந்தை விழித்துத்தான் இருக்கும். பயம் மட்டும் போய்விடும். வாயுவை நிறுத்தினால் சில நிமிஷங்களில் தெளிந்துவிடும். சிலருக்கு வாய்வழியாகத் தூக்க மருந்து கொடுப்பார்கள். மிகவும் சின்னக் குழந்தை, நிறையச் சொத்தை என்றால், ஆஸ்பத்திரியில் மயக்க வைத்தியரை வைத்துக்கொண்டு முழு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும். உங்கள் பையனுக்கு ஒரே பல்தானே, சார்? களிம்பும் ஊசியும் போதும்."

"அழாமல் இருந்தால் மகாபலிபுரம் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று நான் லஞ்சம் பேசினேன். பையன் கையை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தான், அழவில்லை. விடைபெறும்போது வைத்தியர், "இரண்டு மூன்று மணி நேரம் உதடு மரத்திருக்கும், சார். கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

பஸ் திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. என் மனமோ அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் இருந்தது. அங்கே 1844 டிசம்பர் 10-ஆம் தேதி கோல்டன் என்பவர் காசு வாங்கிக்கொண்டு சிரிப்பு வாயு வேடிக்கை காட்டினார். வாயுவை முகர்ந்த ஒருவன் ஆடிப் பாடிக் காலில் பலமாக அடிபட்டுக்கொண்டான். ரத்தம் வழிந்தது, அவனுக்குத் தெரியவில்லை. ஜனங்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஹோரேஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர். மறுநாளே அந்த வாயுவை முகர்ந்து, தம் பல்லையே பிடுங்கச் சொன்னார். வலியில்லை!

ஆனால் 1845 ஜனவரியில் பாஸ்டன் நகரத்தில் அவர் செய்து காட்டியபோது நோயாளி கத்திவிட்டான். கூடியிருந்தவர்கள் "மோசடி!" என்று கூவினார்கள். 1846 அக்டோபரில் அதே நகரில் ஈதரை வைத்து வெற்றி கண்டு புகழைத் தட்டிக்கொண்டு போனவர், வெல்ஸின் பழைய மாணவரான மார்ட்டன். வெல்ஸ் மனம் குலைந்து, 1848-இல் நியூயார்க் சிறையில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 33. அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் அவருடைய பெருமையை ஒப்புக்கொண்டது 1864-இல்.

ஊசியின் கதை வேறு. 1884-இல் வியன்னாவில் கொல்லர் என்பவர் கோகெயினைக் கொண்டு கண்ணை மரக்கச் செய்தார். விரைவிலேயே ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க வைத்தியர் தாடை நரம்பில் அதை ஊசியாகப் போட்டார்; சோதனை செய்து செய்து அவரே அந்தப் போதைக்கு அடிமையானார். பிறகு ஜெர்மனியில் நோவகெயின் வந்தது. 1943-இல் சுவீடனில் லிக்னோகெயின் பிறந்தது. அன்று காலை என் மகனின் ஈறில் ஏறியது அதுதான்.

இவ்வளவும் யோசித்து முடிப்பதற்குள் பஸ் மாமல்லபுரம் வந்துவிட்டது. கடற்கரைக் கோயிலருகே பையனின் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். கீழுதடு கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தம். வழி நெடுக உதட்டை மென்றுகொண்டே வந்திருக்கிறான்!

"டேய்! என்னடா இது?"

"வலிக்கலையே, அப்பா!" என்றான், சிரித்துக்கொண்டு.

ஹார்ட்ஃபோர்டில் ஜனங்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்களோ அதையே என் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் பார்க்காமல் வந்திருக்கிறேன். கைக்குட்டையால் உதட்டை அழுத்தியபோது எனக்குத் திருமணி ஞாபகம் வந்தது.

செங்கற்பட்டுக்குப் பக்கத்திலுள்ள திருமணியில் பழைய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1955-இல் அது மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமாயிற்று. நம் கொல்லிமலையில் வளர்ந்த ஆங்கிலேய வைத்தியர் பால் பிராண்ட், வேலூரில் வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம், 1947-இல், அங்கே வந்தார். மடங்கிய விரல்களோடு இருந்த நோயாளி ஒருவருக்குக் கை கொடுத்தார். அந்தப் பிடியின் பலத்தில் அவர் கைதான் வலித்தது! அழுகிப்போன கைக்கு இவ்வளவு பலம் ஏது? அங்கே தொடங்கிய ஆராய்ச்சியில் அவர் கண்டது இதுதான்: நோய் விரல்களைத் தின்பதில்லை, உணர்ச்சியைத்தான் கொண்டுபோகிறது. சுடுகிற பாத்திரமும், காலில் தைத்த முள்ளும், கவனிக்காத காயமும் மற்றதைச் செய்துவிடுகின்றன. தினந்தோறும் கை கால்களைக் கண்ணால் சோதித்துக்கொள்ளும்படி நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வலி செய்ய வேண்டிய காவலைக் கண் செய்தது. இன்று அந்த நோய் மருந்தால் குணமாகிறது. ஆனால் போன உணர்ச்சி எப்போதும் திரும்புவதில்லை.

வைத்தியர் என் பையனுக்குக் கொடுத்ததும் அதே மரப்புத்தான். ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு இரவல். அந்த நேரத்துக்குக் காவலாக என்னை நியமித்திருந்தார். காவல்காரன் சரித்திரம் யோசித்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது, பஸ் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியதும் பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுப்பா!" என்று அழ ஆரம்பித்தான். பெற்ற பிள்ளையின் அழுகையைக் கேட்டு நான் நிம்மதியாக மூச்சு விட்டது அன்றுதான்.

வீட்டில் அம்மா அலறிப்போய்க் கிராம்பு டப்பாவைத் தேடினாள்.

"புண்ணில் அது எரியும், அம்மா. கொஞ்சம் வலிக்கட்டுமே" என்றேன்.

ராட்சசனைப் பார்ப்பதுபோல் அவள் என்னைப் பார்த்தாள்.