ஒரே ஆண்டின் இரண்டு சிறுமியர்

திருப்பூர் என்றதும் பனியன் நினைவுக்கு வருவதுபோல, அதை ஒட்டிய அனுப்பர்பாளையம் என்றதும் பித்தளை, செம்புப் பாத்திரங்கள் நினைவுக்கு வரும். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் ஈயம் பூசிய பிறகே அதில் புளி சேர்ந்த பண்டங்களைச் சமைப்பது நம் வழக்கம். பூச்சு தேய்ந்தால் புளி உலோகத்தைத் தீண்டிவிடும். நம் குருதிக்குழாய்களுக்கும் அப்படியோர் உட்பூச்சு உண்டு. ஒற்றை அடுக்கு உயிரணுக்களாலான அப்படலம் சிதைந்தால் அடியிலுள்ள கொலாஜன் வெளிப்படும். குருதியில் மிதந்து வரும் ஒரு புரதம் அவ்விடத்தில் ஒட்டிக்கொண்டு தட்டணுக்களையும் இழுத்துப் பிடிக்கும். சர்க்கரைத் தொடர்களைத் தாங்கிய இத்தகைய புரதங்களைக் கிளைக்கோபுரதங்கள் என்பர். காப்பதும் கொல்வதும் இந்த ஒட்டும் குணமே என்று மருத்துவம் கண்டுகொள்ள முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

1924இல், பின்லாந்தைச் சேர்ந்த ஓலந்து தீவுகளிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஹெல்சிங்கிக்குக் கொண்டுவரப்பட்டாள். அவளுடைய சகோதரிகளில் சிலர் குருதிப்போக்கால் ஏற்கெனவே இறந்திருந்தனர். மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் அவளது குடும்பத்தில் 66 பேரை ஆராய்ந்து, 23 பேரிடம் குருதிப்போக்குக் குறைபாடு இருப்பதைக் கண்டார். பெரும்பாலும் ஆண்களையே தாக்கும் ஹீமோஃபிலியாவைப் போலன்றி, இது பெண்களையும் தாக்கியது. 1926இல் இதைத் தனி நோயாக எழுதினார். அச்சிறுமியோ தன் நான்காம் மாதவிலக்கின்போது, பதின்மூன்று வயதில் இறந்துபோனாள்.

அதே 1924இல் நியூயார்க்கில் எலி மோஷ்கோவிட்ஸ் என்ற மருத்துவர், காய்ச்சலும் வெளிறலுமாக வந்து விரைவிலேயே உயிரிழந்த பதினாறு வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார். உடற்கூற்றாய்வில் அவளது நுண்ணிய குழாய்கள் கட்டிகளால் அடைபட்டிருந்தன. ஒருத்திக்குக் குருதி நிற்கவில்லை, மற்றவளுக்கு ஓடவில்லை. இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க அன்று எவருக்கும் காரணமில்லை.

1957இல் சுவீடன் ஆய்வாளர்கள், முதல் நோயில் குறைவது குருதி நீர்மத்திலுள்ள ஒரு காரணியே என நிறுவினர். வில்லிபிராண்டின் பெயரே அதற்கு நிலைத்தது. அது நூற்கண்டுபோல் சுருண்டிருக்கும். குருதி விசையோடு பாயும் இடத்தில் நீண்டு விரிந்து ஒட்டும். இயல்பான உடலில், மிக நீண்ட இழைகளை ஒரு நொதி அவ்வப்போது நறுக்கிவிடும். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுவோரின் வேலை அது. மோஷ்கோவிட்ஸ் கண்ட நோயாளரிடம் இழைகள் அளவுமீறி நீண்டிருப்பதை 1982இல் ஜோயல் மோக் குழுவினர் கண்டனர். நறுக்கும் நொதி 1996இல் கண்டறியப்பட்டது. 2001இல் ஆடம்ட்ஸ்-13 என்று அடையாளம் பெற்றது. ஓலந்துச் சிறுமிக்கு இல்லாமற்போன அதே புரதம், நியூயார்க் பெண்ணின் நோயில் வெட்டப்படாமல் நீண்டு குழாய்களை அடைக்கிறது.

மாரடைப்பும் இக்கதையில் சேரும். இக்காரணி இல்லாத பன்றிகளின் தமனிகளில் கொழுப்புப் படிவு குறைவு என 1978இல் மேயோ கிளினிக் ஆய்வு தெரிவித்தது. பிந்தைய சோதனைகள் அனைத்தும் அதை உறுதிப்படுத்தவில்லை. எனினும், சுருங்கிய தமனியில் குருதி விரைந்து பாயும்போது கட்டி உருவாவதில் இப்புரதத்துக்குப் பங்குண்டு என்பது நிலைபெற்றுவிட்டது. அதன் ஒட்டுமிடத்தை மறைக்கும் கேப்லாசிசுமாப் என்ற மருந்து, மோஷ்கோவிட்ஸ் விவரித்த நோய்க்காக 2018இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது.

தீவில் நடந்த கதை நமக்கெதற்கு என்று தள்ளிவிட இயலாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால் இந்நோயின் கடுமையான மூன்றாம் வகை உண்டாகிறது. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் மணமுடிக்கும் சமூகங்களில் அதற்கான வாய்ப்பு மிகுதி. இந்திய மருத்துவமனைப் பதிவுகளில் இவ்வகை அதிகம் தென்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். இலேசான வகைகள் கண்டறியப்படாமலே போவது மற்றொன்று. மாதவிலக்கில் அளவுமீறிய போக்கை ‘உடம்பு வாகு’ என்று நம் வீடுகளில் ஒதுக்கிவிடுகிறோம். அம்மாவுக்கும் அப்படித்தான், பாட்டிக்கும் அப்படித்தான் என்று ஆறுதலும் சொல்லிக்கொள்கிறோம். வில்லிபிராண்ட் 66 பேரிடம் தேடியதும் அந்த விடையைத்தான். அதை அவர் நோயின் அடையாளமாகக் கொண்டார்.