பூமிக்குள் நீராவி... கெட்டியான கச்சா எண்ணெய் மேலே வருவது எப்படி?

கிணறு தோண்டினாலே கச்சா எண்ணெய் பீறிட்டு அடிக்கும்னு நினைக்கிறீங்களா? எல்லா இடத்திலும் அப்படி நடக்காது. சில வயல்களில் எண்ணெய் வெல்லப்பாகு மாதிரி கெட்டியாக, பாறையின் நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். சாதாரண பம்பால் அதை இழுக்க முடியாது. அங்கேதான் நீராவி உதவுகிறது.

நீராவி என்ன செய்கிறது?

மார்கழிக் குளிரில் பாட்டிலுக்குள் உறைந்த தேங்காய் எண்ணெயை வெந்நீரில் வைத்தால் இளகும் இல்லையா? அதே லாஜிக்தான். பாயிலரில் தயாரான நீராவியை அதிக அழுத்தத்தில் கிணறு வழியாக உள்ளே அனுப்புவார்கள். சூடு ஏறியதும் எண்ணெய் இளகி ஓடத் தொடங்கும்.

மூன்று வழிகள்

* ஒரே கிணறு: சில வாரம் நீராவி செலுத்தி, சில நாள் கிணற்றை மூடி வைத்து, பிறகு அதே கிணற்றில் எண்ணெய் எடுப்பது. 1959-ல் வெனிசுலாவின் மேனே கிராண்டே வயலில் தற்செயலாகத் தெரியவந்தது இது. அங்கு செலுத்திய நீராவி நிலத்தைப் பிளந்து வெளியேற, அழுத்தத்தைக் குறைக்கக் கிணறுகளைத் திறந்தார்கள். வந்தது எண்ணெய்!

* தள்ளும் முறை: ஒரு கிணற்றில் நீராவியைச் செலுத்தி, எண்ணெயைப் பக்கத்துக் கிணறுகளுக்குத் தள்ளுவது. இந்தோனேசியாவின் டூரி வயல் இதற்குப் பெயர் பெற்றது.

* இரட்டைக் கிணறு: சுமார் 5 மீட்டர் இடைவெளியில், ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கைவாட்டில் இரண்டு கிணறுகள். மேலே நீராவி, கீழே வடியும் எண்ணெய். பொறியாளர் ரோஜர் பட்லர் உருவாக்கிய இந்த முறை கனடாவின் ஆல்பர்ட்டாவில் அதிகம்.

பலன் எவ்வளவு?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள கெர்ன் ரிவர் வயல் 1899-ல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அதன் உற்பத்தி உச்சம் தொட்டது 1985 வாக்கில், தினமும் சுமார் 1.4 லட்சம் பேரல். காரணம், 1960-களில் தொடங்கிய நீராவி.

அப்போ சிக்கல் என்ன?

நீராவிக்குத் தண்ணீரும் வேணும், எரிபொருளும் வேணும். ஆல்பர்ட்டாவில் ஒரு பேரல் எண்ணெய்க்கு 2 முதல் 3 பேரல் தண்ணீரை ஆவியாக்க வேண்டியிருக்கும். அதற்குப் பெரும்பாலும் எரிவது இயற்கை எரிவாயு. அதாவது, எண்ணெய் வண்டியில் ஏறும் முன்பே கார்பன் புகை கிளம்பிவிடுகிறது.

அழுத்தமும் ஆபத்துதான். 2013-ல் ஆல்பர்ட்டாவின் பிரிம்ரோஸ் பகுதியில், நீராவி செலுத்திய வயலில் தார் போன்ற எண்ணெய் நிலத்துக்கு மேலே கசிந்தது. அங்கே நீராவி செலுத்த ஒழுங்குமுறை ஆணையம் கட்டுப்பாடு விதித்தது.

மாற்று இருக்கா?

ஓமனின் அமல் வயலில் கண்ணாடிகளால் சூரிய வெப்பத்தைக் குவித்து நீராவி தயாரிக்கிறார்கள். எரிவாயு மிச்சம். ஆனால் வெயில் இல்லாத நேரத்தில் பாயிலர்தான் கதி.

இந்தியாவில்?

ராஜஸ்தானின் பாகேவாலா வயலில் ஆயில் இந்தியா நிறுவனம் ஒரே கிணறு முறையைப் பயன்படுத்துகிறது. கச்சா எண்ணெய்த் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு உள்ளூர் எண்ணெய் லாபம்தான். ஆனால் அது பாலைவனம். அங்கே நீராவியாக்கும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீருக்கும் கணக்கு இருக்கிறது.