மாசச்சூசெட்ஸ் மக்களின் இலாட்டிமர் விண்ணப்பம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அடிமையொழிப்பு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் உள்நாட்டுப் போரையும் ஆபிரகாம் இலிங்கனின் ஆணையையும் விரித்துரைப்பர். அவற்றிற்கு இருபதாண்டு முன்னர்ப் பொதுமக்கள் தத்தம் மாநிலச் சட்டமன்றங்கட்கு விடுத்த விண்ணப்பங்களைச் சில வரிகளிற் கடந்து செல்வர். அவற்றுள் 1843ஆம் ஆண்டு மாசச்சூசெட்ஸ் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பெற்ற ஒன்றனை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

விண்ணப்பம் என்னுஞ் சொல் தாழ நிற்போர் உயர நிற்போர்க்குப் பணிந்துரைத்தலைக் குறிப்பது. ஆங்கில மரபிலும் அதன் நடை பணிவுடையதே. யாம் காட்டப்போகும் விண்ணப்பமோ வடிவில் வேண்டுகோளாயினும் பொருளிற் கட்டளையை ஒத்தது. வேறு சொல் பொருந்தாமையின் அதனையே ஆள்கின்றோம்.

ஜார்ஜ் இலாட்டிமர் என்பார் 1842 அக்டோபரில், கருவுற்றிருந்த தம் மனைவி இரெபெக்காவுடன் வர்ஜீனியாவின் நார்போக்கு நகரினின்றும் தப்பிப் பாஸ்டன் வந்து சேர்ந்தார். உரிமையாளராகிய ஜேம்ஸ் கிரே பின்தொடர்ந்து வந்து, அம்மாதம் 20ஆம் நாள் அவரைப் பிடிப்பித்தார். பிடித்தவர் பாஸ்டன் நகரக் காவலர். அடைத்த இடம் அந்நகரச் சிறைக்கூடம். மாநிலத் தலைமை நீதிபதி இலெமுவேல் ஷா அவரை விடுவிக்க மறுத்தார். அடிமைத்தனத்தை ஷா வெறுத்தவரே. ஆயினும் அரசியலமைப்பு தம் கையைக் கட்டியிருப்பதாகக் கருதினார். நகரிற் கொந்தளிப்பு மிக்கது. இலாட்டிமர் பெயரால் ஓர் இதழே தோன்றியது. தாமும் அடிமையாயிருந்து தப்பியவரான பிரெடரிக் டக்ளஸ் இவ்வழக்குப் பற்றி வரைந்த மடலே அச்சேறிய அவருடைய முதல் மடலென்பர். ஈற்றில் நவம்பர் 18ஆம் நாள், நானூறு டாலர் பெற்றுக்கொண்டு கிரே தம் உரிமையை விட்டார்.

வழக்கு அத்துடன் முடிந்தது, மக்கள் முடிக்கவில்லை. மாநிலச் சட்டமன்றத்திற்கு எழுதிய விண்ணப்பத்தில் மூன்று வேண்டினர். மாநில அலுவலர் எவரும் தப்பியோடியவரைப் பிடிக்கத் துணை செய்தலாகாது. மாநிலச் சிறைகளோ பிற பொதுவுடைமையோ அதற்குப் பயன்படலாகாது. மாசச்சூசெட்ஸ் மக்களை அடிமைமுறையின் தொடர்பினின்றும் என்றும் பிரிக்கும் அரசியலமைப்புத் திருத்தம் முன்மொழியப்பெறல் வேண்டும்.

முதலிரண்டும் வெறும் மனவெழுச்சியிற் பிறந்தனவல்ல என்பது நோக்கற்பாலது. அவ்வாண்டே மத்திய உச்சநீதிமன்றம் பிரிக்கு வழக்கில் ஒரு தீர்ப்பளித்திருந்தது. தப்பியோடியவரை மீட்டல் மத்திய அரசின் அதிகாரமென்று அத்தீர்ப்பு உரிமையாளர் பக்கம் நின்றது. ஆயின் அதனை வரைந்த நீதிபதி ஜோசப் ஸ்டோரி, மாநிலங்கள் தம் அலுவலரை இப்பணியினின்றும் விலக்கிவிடலாம் என ஒரு வாயிலையும் திறந்துவிட்டார். தம்மை வீழ்த்திய தீர்ப்பிலிருந்தே விண்ணப்பதாரர் கருவி கண்டெடுத்தனர். இவ்வியக்கத்தில் எம்மைப் பெரிதும் கவர்வது இந்நுண்மையே.

1843 பிப்ரவரியிற் சேர்ந்த கையொப்பங்கள் 64,526. 1840ஆம் ஆண்டுக் கணக்கின்படி அம்மாநில மக்கள் ஏறத்தாழ 7,37,000. குழந்தைகளையும் கூட்டினும் பன்னிருவருள் ஒருவர்க்கு மேல் ஒப்பமிட்டனர் என்றாகும். இத்திறம் ஒரு நாளில் வந்ததன்று. ஐந்தாண்டு முன்னரே, 1838இல், ஏஞ்சலினா கிரிம்கே அம்மையார் இருபதினாயிரம் பெண்களின் சார்பில் அச்சட்டமன்றக் குழுவின் முன் பேசியிருந்தார்; அமெரிக்கச் சட்டமன்றக் குழுவொன்றின்முன் பேசிய முதற்பெண் அவரே. தென்னாட்டு அடிமையுடையார் மரபிற் பிறந்தவர் அவரென்பதும் கருதத்தக்கது.

காங்கிரசுக்கும் 51,862 கையொப்பங்களுடன் மற்றொரு விண்ணப்பம் சென்றது. முன்னாட் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அதனைத் தம் மேசைமேல் வைத்திருந்தார். அடிமைமுறை பற்றிய விண்ணப்பங்களை ஏலாமையென்னும் விதி 1836 முதல் 1844 வரை அங்கு நிலவியமையின் அவை அதனை ஏற்கவில்லை. மத்தியில் அடைபட்ட கதவு மாநிலத்தில் திறந்தது. ஆடம்சின் மகன் சார்லஸ் பிரான்சிஸ் தலைமையேற்ற குழு விண்ணப்பத்திற்கு இசைவாகவே அறிக்கை தந்தது. மார்ச்சுத் திங்களில் நிறைவேறிய சட்டம் முதலிரு வேண்டுகோள்களையும் ஏற்று, மீறும் அலுவலர்க்குத் தண்டமும் சிறையும் விதித்தது. மூன்றாவதன் பொருட்டுத் திருத்தத் தீர்மானமொன்று காங்கிரசுக்குச் சென்றது, அது பயன்தரவில்லை.

இச்சட்டம் அடிமை ஒருவரையேனும் விடுவிக்கவில்லை என்று குறைகூறலாம். 1850இல் காங்கிரசு இயற்றிய கடுஞ்சட்டம் மத்திய ஆணையர்களைக் கொண்டே மீட்புப் பணியை நடத்தியதும் உண்மையே. எனினும் சட்டம் முற்றும் செயலற்றுப் போனதென்பது எமக்கு உடன்பாடன்று. 1851இல் தாமஸ் சிம்ஸ் என்னும் இளைஞர் பாஸ்டனிற் பிடிபட்டபோது மாநிலச் சிறை அவர்க்குத் திறக்கவில்லை. நீதிமன்றக் கட்டடத்திலேயே அவரை அடைத்து, மக்கள் புகாவண்ணம் அதனைச் சுற்றிச் சங்கிலி பிணித்தனர். ஒன்பதாண்டு முன்னர் இலாட்டிமரை விடுவிக்க மறுத்த தலைமை நீதிபதி ஷா, அன்று தம் மன்றத்துட் புக அச்சங்கிலியின் கீழ்க் குனிந்து சென்றார்.