செஞ்சி வட்டாரத்தில் வேளாண் விரிவாக்கப் பணியும் மக்காச்சோளச் சாகுபடியும்

ஆராய்ச்சி நிலையங்களில் கண்டறிந்த சாகுபடி முறைகளை உழவரின் வயலுக்குக் கொண்டு சேர்க்கும் பணியே வேளாண் விரிவாக்கம் ஆகும். விழுப்புரம் மாவட்டம் செஞ்சிப் பகுதியில் நெல்லும் மணிலாவும் முதன்மைப் பயிர்கள். மக்காச்சோளம் அவற்றைவிடக் குறைந்த பரப்பிலேயே விளைகிறது. பழைய விழுப்புரம் மாவட்டத்தில் மக்காச்சோளம் மிகுதியாக விளைந்த கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பகுதிகள் 2019இல் தனி மாவட்டமாயின. கம்பையும் கேழ்வரகையும் போல இது பாட்டன் காலத்திலிருந்து பழகிய பயிர் அன்று. ஆகவே இதைப் பயிரிடும் சிறு விவசாயிக்கு, உரிய நாளில் ஆலோசனை கிடைக்கிறதா என்பதே பெரிய கேள்வியாக இருந்து வருகிறது.

களஞ்சியக் காலம்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்கச் செல்லும் மாணவர்கள் இராஜகிரி மலையடிவாரத்தில் பெரிய தானியக் களஞ்சியத்தைக் காணலாம். நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராத்தியர், முகலாயர் எனக் கோட்டை பலர் கைக்கு மாறியது. யார் ஆண்டாலும் விளைச்சலில் தம் பங்கைப் பெறுவதில் கருத்தாக இருந்தனர். எதை எப்போது விதைப்பது என்பதை உழவர் தம் முன்னோரிடமும் அண்டை நிலத்தாரிடமும் கற்றுக்கொண்டார். பயிர் வளர்ப்பைச் சொல்லித்தர அரசு ஊழியர் ஊருக்கு வருவது 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று.

மணிலா காட்டிய வழி

இப்பகுதி மக்கள் நிலக்கடலையை மணிலா என்றும் மல்லாட்டை என்றும் அழைப்பர். பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரை நினைவூட்டும் இப்பெயரே அது கடல் கடந்து வந்த பயிர் என்பதைக் காட்டுகிறது. செஞ்சியிலிருந்து சுமார் 28 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டிவனத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. என்ற வரிசையில் மணிலா இரகங்களை வெளியிட்டது. நிலையம் அருகில் இருந்ததும் விதையை அடுத்த பருவத்துக்கு எடுத்து வைக்க முடிந்ததும் இரகங்கள் பரவ உதவின.

மக்காச்சோளமும் மணிலாவைப் போலவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 1957இல் அகில இந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோள ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது; 1961இல் முதல் வீரிய ஒட்டு இரகங்கள் வெளியாயின. ஒட்டு இரகத்தின் மணியை எடுத்து வைத்து மீண்டும் விதைத்தால் விளைச்சல் குறையும். எனவே ஒவ்வொரு பருவமும் விதையை விலைக்கு வாங்க வேண்டும். 60 சென்டிமீட்டர் வரிசை இடைவெளி, செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர், தவணை முறையில் தழைச்சத்து, துத்தநாக சல்பேட் என ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. விதையோடு இந்த அறிவும் வெளியிலிருந்தே வந்தாக வேண்டும்.

கிராம சேவக் முதல் உதவி வேளாண்மை அலுவலர் வரை

1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டமும், அடுத்த ஆண்டு தேசிய விரிவாக்கப் பணியும் தொடங்கின. கிராம சேவக் என்ற ஊழியர் பல ஊர்களைக் கவனித்தார். உழவோடு சாலை, சுகாதாரம், பள்ளி என எல்லாம் அவர் பொறுப்பாக இருந்ததால் பயிருக்குக் கிடைத்த நேரம் குறைவு. 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டத்தால் உருவான ஊராட்சி ஒன்றியங்களில் விரிவாக்க அலுவலர்கள் பணியாற்றினர்.

1980களில் உலக வங்கி உதவியுடன் பயிற்சியும் பார்வையிடலும் என்ற முறை வந்தது. ஊழியர் பயிர்ப் பணி மட்டுமே பார்ப்பார்; இரு வாரங்களுக்கு ஒருமுறை குறித்த நாளில் ஊருக்கு வருவார். அவர் இன்ன நாளில் வருவார் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது இம்முறையின் பலம். தொடர்பு உழவர் சிலரிடம் சொன்ன செய்தி, ஒரு ஏக்கர் வைத்திருப்பவரிடம் பல வேளைகளில் போய்ச் சேராதது அதன் குறை.

உலக வங்கித் திட்டம் முடிந்தபின் இந்த ஒழுங்கு தளர்ந்தது. 2003இல் நாடு முழுவதும் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, ஏதேனும் ஒரு வழியில் தொழில்நுட்பத் தகவல் பெற்ற உழவர் குடும்பங்கள் நூற்றுக்கு 40 மட்டுமே. விரிவாக்க ஊழியரிடம் பெற்றவை சுமார் 6. இடுபொருள் வணிகரிடம் பெற்றவை சுமார் 13. மருந்து விற்பவரே மருந்துச் சீட்டும் எழுதும் நிலை ஏற்பட்டது.

படைப்புழு வந்த ஆண்டு

2018 மே மாதம் கர்நாடகத்தில் அமெரிக்கன் படைப்புழு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு தமிழ்நாட்டிலும் அது பரவி மக்காச்சோளத்தை அழித்தது. தாய் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்க வல்லது. முட்டை இரண்டு மூன்று நாட்களில் பொரிந்துவிடும். வளர்ந்த புழு குருத்துக்குள் இறங்கித் தன் கழிவால் வாயை அடைத்துக்கொண்டால் மேலே தெளிக்கும் மருந்து அதை எட்டாது. சிறு விவசாயிக்குக் கிடைப்பது சில நாட்கள்தாம். கண்ட மருந்தையெல்லாம் அடித்தவர்கள் பணத்தையும் பயிரையும் சேர்த்து இழந்தனர்.

அரசு நிவாரணம் வழங்கியது. 2019 பருவத்தில் அணுகுமுறை மாறியது. கோடை உழவு, ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு, விதை நேர்த்தி, வரப்பில் காராமணி அல்லது எள், இனக்கவர்ச்சிப் பொறி, குருத்தில் படும்படி மருந்து தெளித்தல் என்ற வரிசை ஊர் ஊராகச் சொல்லப்பட்டது. அரசுச் செலவில் ஒட்டுமொத்தத் தெளிப்பும் நடந்தது. ஒருவர் வயலில் மட்டும் தெளித்துப் பயனில்லாத பூச்சிக்கு ஊரே சேர்ந்து செயல்பட வேண்டியிருந்தது. தனி உழவராலும் கடைக்காரராலும் இதைச் செய்ய இயலாது.

ஊராட்சியின் இடம்

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பதினோராம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கான 29 பொருள்கள் உள்ளன. அவற்றுள் முதலாவது வேளாண்மை. வேளாண் விரிவாக்கமும் அதில் அடங்கும். கேரளத்தில் 1987இல் தொடங்கிய கிருஷி பவன்கள் பின்னர் ஊராட்சிகளின் பொறுப்பில் வந்தன. தமிழ்நாட்டில் இப்பணி மாநில வேளாண்மைத் துறையிடமே உள்ளது. வட்டார அளவில் வேளாண்மை உதவி இயக்குநரும், ஊர்களுக்கு உதவி வேளாண்மை அலுவலர்களும் பணியாற்றுகின்றனர்.

2004 முதல் உழவர் அழைப்பு மையமும், 2018 முதல் உழவன் செயலியும் துணைக்கு வந்துள்ளன. இவற்றால் விலையும் வானிலையும் வீட்டிலிருந்தே அறியலாம். குருத்தைப் பிரித்துப் புழுவின் பருவத்தைக் காட்டி, தெளிக்க இது ஏற்ற நாளா என்று சொல்ல, வயலுக்கு வரும் ஓர் அலுவலர் இன்றும் தேவைப்படுகிறார்.