இறங்குதுறையும் தங்குமனையும்: பினாங்குத் தீவில் எதிர்கொள்ளலின் வரலாறு

ஊர்விட்டு ஊர் செல்லும் மனிதனுக்கு எப்போதும் இரண்டு பயணங்கள் உண்டு. முதலாவது நெடும்பயணம், கப்பலிலோ இரயிலிலோ விமானத்திலோ செல்வது. இரண்டாவது குறும்பயணம், இறங்கிய இடத்திலிருந்து தங்கப்போகும் இடம் வரையில் உள்ளது. வரலாற்று நூல்கள் முதற்பயணத்தையே விரிவாகப் பேசுகின்றன. ஆயினும், புதிய ஊரில் கால்வைத்தவனின் நெஞ்சம் கலங்குவது இரண்டாவது பயணத்தில்தான். மொழி தெரியாது, வழி தெரியாது, நியாயமான கூலி எவ்வளவு என்பதும் தெரியாது. அந்த வேளையில் "உங்களுக்காகவே வந்திருக்கிறேன்" என்று ஒருவர் முன்வந்து நின்றால், அதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை.

தமிழர் இதனை நன்கு உணர்ந்தவர்கள். வழி தெரியாத இரவலனுக்கு வழியையும், இடையில் தங்கும் ஊர்களையும், அங்குக் கிடைக்கும் உணவையும் எடுத்துரைப்பதற்கென்றே ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையை வளர்த்தவர்கள் அவர்கள். சிறுபாணாற்றுப்படையில் கடற்கரைப் பட்டினத்துப் பரதவர் விருந்தளிக்கும் காட்சியும் உண்டு. எதிர்கொண்டு அழைத்தலும், ஏழடி பின்சென்று வழியனுப்புதலும் அவர்தம் பண்பாட்டில் விருந்தோம்பலின் இரு கரைகளாகும்.

இன்று பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கி, பத்து பெரிங்கி கடற்கரை விடுதிக்குச் செல்வோர் பலர், புறப்படுமுன்னரே தமக்கெனத் தனி வாடகைக் காரைப் பதிவு செய்துவிடுகின்றனர். வருகைக் கூடத்தின் வாயிலில் அவர்களுடைய பெயர் எழுதிய அட்டையை ஏந்தி ஓட்டுநர் காத்து நிற்கிறார். இஃது இக்காலத்தில் தோன்றிய வசதி என்று எண்ணுவது இயல்பு. பினாங்குத் தீவின் வரலாற்றைப் புரட்டினால், முன்பதிவும் எதிர்கொள்ளலும் அங்கே நூறாண்டுக்கும் மேற்பட்ட பழமை உடையவை என்பது விளங்கும். அவை எல்லார்க்கும் ஒரே பொருளைத் தரவில்லை என்பதும் விளங்கும்.

துறைமுகக் காலம்

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயக் கொடியை ஏற்றிய நாள்முதல், அத்தீவுக்கு வந்தோர் அனைவரும் கடல்வழி வந்தவர்களே. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பாவுக்கும் கீழை நாடுகளுக்கும் இடையிலான தொலைவு சுருங்கிற்று. நீராவிக் கப்பல்கள் பெருகின. வணிகரும் அதிகாரிகளும் மட்டுமன்றி, ஊர்பார்க்க வருவோரும் வரத் தொடங்கினர். இங்கிலாந்தில் தாமஸ் குக் நிறுவனம் 1868இலேயே விடுதிச் சீட்டுகளை அறிமுகப்படுத்தியிருந்தது. வீட்டிலிருந்தபடியே பணத்தைச் செலுத்திவிட்டு, தொலைதூர ஊரில் அச்சீட்டைக் காட்டி அறையையும் உணவையும் பெறும் முறை அது. முன்பதிவு என்னும் பழக்கம் இவ்வாறு உலகெங்கும் வேரூன்றியது.

பினாங்கில் சார்க்கீஸ் உடன்பிறப்பினர் என்னும் ஆர்மீனியர்கள் 1885இல் தொடங்கிய விடுதியே, பின்னர் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டல் எனப் புகழ்பெற்றது. கடலோரத்திலேயே அமைந்த அந்த விடுதியைத் தீவின் கடற்கரை விடுதிகளுக்கெல்லாம் மூத்தது எனலாம். அக்காலக் கீழைத் துறைமுகங்களில் பெரிய விடுதிகளின் ஆட்கள் கப்பல்களை எதிர்கொள்வது வழக்கம். பெட்டிகளைப் பொறுப்பேற்பதும், குதிரைவண்டியிலோ ரிக்‌ஷாவிலோ விருந்தினரை ஏற்றி விடுவதும் அவர்கள் பணி. ரிக்‌ஷாவை இழுத்தவர் சீனர். குதிரைவண்டி ஓட்டியவருள் தென்னிந்தியரும் இருந்தனர். துரையின் நெடும்பயணம் கப்பலில் முடிந்தது. அவருடைய குறும்பயணத்தை ஏழையின் தோளும் காலும் சுமந்தன.

பயணத்தின் இரு பகுதிகளையும் ஒரே சீட்டில் இணைக்கும் வேலையை இரயில்வேயும் செய்தது. ஜார்ஜ்டவுன் துறையருகே மணிக்கூண்டுடன் கம்பீரமாய் நிற்கும் மலாயா இரயில்வே கட்டடம் 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எழுந்தது. இன்று சுங்கத்துறை அலுவலகமாக விளங்கும் அதனைத் தண்டவாளம் இல்லாத இரயில் நிலையம் என்று வேடிக்கையாகக் கூறுவர். பயணி அங்கே சீட்டு வாங்கி, படகேறி நீரிணையைக் கடந்து, எதிர்க்கரையான பிறையில் இரயில் ஏறினான்.

பட்டியலில் எழுதப்பட்ட பெயர்கள்

இதே துறைமுகத்திற்கு இன்னொரு கூட்டமும் வந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, வங்கக் கடலைக் கடந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் அவர்கள். முதலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். மலாயாவில் அம்முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறை அதற்குமுன்பே வேரூன்றியிருந்தது. 1907இல் நிறுவப்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் செலுத்தினர். தொழிலாளரின் பயணச் செலவை அந்நிதி ஏற்றது.

நிதானமாக எண்ணிப் பார்த்தால், இத்தொழிலாளரின் பயணமே முழுமையாக முன்பதிவு செய்யப்பட்ட பயணமாகும். ஊரில் கங்காணி பெயரைப் பதிந்தார். முகாமில் மருத்துவர் பார்த்தார். கப்பல் ஏற்றியது. துறைமுகத்தில் அதிகாரிகள் எதிர்கொண்டனர். அங்கிருந்து படகும் இரயிலும் மாட்டுவண்டியும் அவர்களைத் தோட்டத்து லயத்தின் வாயிலில் இறக்கிவிட்டன. எந்த இடத்திலும் "இனி எங்கே போவது?" என்று அவர்கள் தேடவேண்டியதில்லை. வழி முழுதும் பிறரால் வகுக்கப்பட்டிருந்தது.

எனினும், துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு இருந்தது. துரையின் பெயரை அறிந்து வந்தவன் அவருக்கு ஊழியம் செய்ய வந்தான். தொழிலாளியின் பெயரைப் பட்டியலில் பார்த்தவனோ, அவனை எண்ணிக் கணக்கில் சேர்க்க வந்தான். பணம் கொடுத்தவர் எவரோ, அவருக்கே பயணம் உரியதாயிற்று. ஒருவருக்கு உபசாரமாக இருந்த ஏற்பாடு மற்றொருவருக்குக் காவலாக இருந்தது.

அக்காவலின் கடுமையை ஜெரெஜாக் தீவு அறியும். பினாங்கின் தென்கிழக்குக் கரையோரம், பாயான் லெப்பாஸ் பகுதிக்கு எதிரே கிடக்கும் சிறு தீவு அது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே தொழுநோயாளர் இல்லமும், பின்னர்த் தொற்றுத்தடுப்பு முகாமும் அமைந்தன. கப்பலில் வந்த குடியேறிகள் நோயற்றவர் என்று உறுதியாகும் வரையில் அங்கே தடுத்து வைக்கப்பட்டனர். கடலுக்கு அப்பால் பினாங்கு மலை கண்ணுக்குத் தெரியும். ஆனால் கால் வைக்க இயலாது. பல தமிழ்க் குடும்பங்களுக்கு மலாயாவில் முதலில் தங்கிய கடற்கரை அதுவேயாகும்.

1938இல் இந்திய அரசு, உதவிபெற்று வரும் உடலுழைப்புத் தொழிலாளரின் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதன்பின்னர்ச் சொந்தச் செலவில் வந்தோரையும் தாயகம் சென்று மீண்டோரையும் ஏற்றிவந்த கப்பல்களுள், 1926இல் கட்டப்பட்ட ரஜூலாவின் பெயரை முதியோர் இன்றும் மறப்பதில்லை. 1970களின் தொடக்கத்தில் அது ஓய்வுபெற, எம்.வி. சிதம்பரம் அதன் இடத்தை ஏற்றது. 1985 பிப்ரவரியில் அக்கப்பல் நடுக்கடலில் தீவிபத்துக்கு உள்ளாகி, உயிர்கள் பலியாயின. அத்துடன் தமிழரின் அந்தக் கடல்வழிக்கு முற்றுப்புள்ளி விழுந்தது.

வானும் கடற்கரையும்

கப்பல் தளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே விமானம் வளர்ந்தது. பாயான் லெப்பாஸ் விமானத்தளம் 1935இல் திறக்கப்பட்டது. 1937இல் வேர்ன்ஸ் நிறுவனம் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய நகரங்களை இணைத்து வானூர்திச் சேவையைத் தொடங்கியது. போருக்குப்பின் 1947இல் மலாயன் ஏர்வேஸ் பறக்கத் தொடங்கிற்று. இறங்குதுறை இவ்வாறு நகரின் நடுவிலிருந்து தீவின் தென்கோடிக்கு இடம்பெயர்ந்தது.

தங்குமனையும் இடம்பெயர்ந்தது, ஆனால் அது வடகோடிக்குச் சென்றது. பத்து பெரிங்கி என்பது அப்போது மீனவர் கம்பமாக இருந்தது. தமிழ்ச் செவிக்குப் 'பத்து' என்பது எண்ணாகத் தோன்றினும், மலாய் மொழியில் அது பாறையைக் குறிக்கும். 'பெரிங்கி' என்பதோ தமிழர் 'பறங்கி' என வழங்கும் அதே சொல்லின் உடன்பிறப்பு. ஆகவே அவ்வூரின் பெயர் 'அந்நியர் பாறை' எனப் பொருள்படும். பெயரிலேயே விருந்தாளியைச் சுமந்த ஊர் பின்னாளில் விருந்தாளிகளின் ஊராகவே மாறியது விந்தையே.

அங்கே 1948இல் லோன் பைன் ஹோட்டல் தொடங்கப்பட்டது. எனினும் பெரிய மாற்றம் 1970களில்தான் வந்தது. அதற்குரிய காரணம் பொருளியலைச் சார்ந்தது. 1969இல் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வாணிகம் சரிந்தது, வேலையின்மை பெருகிற்று. அவ்வாண்டில் முதலமைச்சரான டாக்டர் லிம் சொங் இயூவின் ஆட்சியில், தொழில்துறையும் சுற்றுலாவும் தீவின் இரு ஊன்றுகோல்களாயின. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிக வட்டாரம் எழுந்தது. 1973இல் பத்து பெரிங்கியில் ராசா சாயாங் ஹோட்டல் திறக்கப்பட்டது. அடுத்தடுத்து வேறு பல விடுதிகளும் எழுந்தன.

இங்கேதான் குறும்பயணம் ஒரு தனித்தொழிலாயிற்று. விமான நிலையத்துக்கும் பத்து பெரிங்கிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு உண்டு. ஜார்ஜ்டவுன் வழியாக வரின் நகர நெரிசல். தஞ்சோங் பூங்காவுக்கு அப்பால் கடலை ஒட்டி வளைந்து செல்லும் குறுகிய சாலை. பாலேக் பூலாவ் வழியாகச் சுற்றிவரின் மலைப்பாதை. புதிதாய் வந்தவன் இதனை எவ்வாறு அறிவான்? விடுதிகள் தம் வண்டிகளை அனுப்பின. விமான நிலையத்தில் முன்கூட்டியே கட்டணம் செலுத்திக் கூப்பன் பெறும் டாக்சி முறை வந்தது. பேரம் பேசத் தெரியாத பயணிக்கு அக்கூப்பன் ஒரு பாதுகாப்பாக அமைந்தது.

அண்மைக் காலத்தில் கைப்பேசி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. 2012இல் மலேசியாவில் 'மைதெக்சி' என்னும் பெயரில் தொடங்கியதே பின்னர்க் கிரேப் ஆனது. 2017இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி இவ்வகைச் சேவைக்கு இடமளித்தது; 2019இல் ஓட்டுநருக்கான உரிம விதிகள் நடைமுறைக்கு வந்தன. பழைய டாக்சி ஓட்டுநர் பலர், உரிமம் வேறொருவரிடம் இருக்க, நாள்தோறும் வாடகை கட்டிப் பிழைத்தவர்கள். புதிய போட்டி அவர்களை வருத்தியது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இருப்பினும், குடும்பத்தோடும் பெட்டிகளோடும் வருவோர் தனி வண்டியை முன்பதிவு செய்யும் வழக்கம் அழியவில்லை. பயணி தன் விமானத்தின் எண், இறங்கும் நேரம், ஆட்களின் எண்ணிக்கை, பெட்டிகளின் எண்ணிக்கை, விடுதியின் பெயர் ஆகியவற்றை முன்கூட்டியே தெரிவிக்கிறான். கட்டணம் அப்போதே உறுதியாகிறது. விமான எண்ணைக் கொண்டு ஓட்டுநர் அதன் வருகையைக் கவனிக்கிறார்; தாமதமானால் அவரும் காத்திருக்கிறார். இவ்வேற்பாட்டின் உயிர் வண்டியில் இல்லை. சொன்ன சொல்லில் இருக்கிறது. கண்ணால் காணாத இருவர், ஒருவர்மீது ஒருவர் வைக்கும் நம்பிக்கையே அது.

காலம் திருப்பிய ஏடு

ஜெரெஜாக் தீவின் பிற்கால வரலாறு இதற்கு ஓர் அரிய முடிவுரையை எழுதியது. 1969 முதல் 1993 வரை அங்கே சிறைச்சாலை இயங்கியது. சிறை மூடப்பட்டபின், புதிய நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அதே தீவில் உல்லாச விடுதி ஒன்று எழுந்து, சில ஆண்டுகள் நடைபெற்றது. முன்பு குடியேறிகள் தடுத்து வைக்கப்பட்ட தீவுக்கு, விடுமுறையாளர்கள் விரும்பிப் பணம் கட்டிப் படகேறினர். நீர் அதே நீர். கரை அதே கரை. வந்தவரின் நிலையே வேறு.

ஒரு பயணத்தை மதிப்புடையதாக்குவது வண்டியின் பகட்டன்று. ஏறவும் இறங்கவும் பயணிக்குள்ள உரிமையே என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. எங்குச் செல்வது, என்று திரும்புவது என்பதைத் தானே முடிவு செய்பவன் விருந்தினன். அதனைப் பிறர் முடிவு செய்ய, வண்டியில் ஏற்றப்படுபவன் சரக்கு. அன்று கப்பலில் வந்த தமிழர் சரக்காக எண்ணப்பட்டனர். இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் பாயான் லெப்பாஸில் இறங்கும்போது, பெயரட்டை ஏந்திய ஒருவர் புன்னகையோடு காத்திருக்கிறார். அவ்வட்டையில் எழுதப்பட்ட பெயர், அன்று ஏதோ ஒரு பட்டியலில் எழுதப்பட்ட பாட்டனின் பெயராகவும் இருக்கக்கூடும்.

அவ்வாறு எதிர்கொள்ளப்படும்போது இரண்டு கடமைகள் உண்டு. கடல் கடந்து வந்து, கேட்காமலே எண்ணப்பட்டவர்களை ஒரு கணம் நினைத்தல் ஒன்று. வண்டி ஓட்டி வந்தவரின் பெயரைக் கேட்டறிந்து, அப்பெயரால் அவரை அழைத்தல் மற்றொன்று. அவரும் யாரோ ஒருவரின் வரவுக்காக வீட்டில் காத்திருக்கப்படும் மனிதரேயாவர்.