பெயர் வைக்க முடியாத கேசட்டும் எங்க அப்பாவும்

ஆஸ்லோவில் என் ஆபீஸில் எதிர் மேசைக்காரர் ஒருவர் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர், பரம சாது. மதியம் ரொட்டியில் பழுப்புச் சீஸை வைத்துச் சத்தமே வராமல் சாப்பிடுவார். அந்த மனுஷன் இளவயசில் இடுப்பு வரை முடி வளர்த்த பிளாக் மெட்டல் ரசிகராம். போன வாரம் தெரிந்தபோது எனக்குப் புரையேறிவிட்டது.

தெரியாதவர்களுக்கு: பிளாக் மெட்டல் என்பது கிடாரை ரம்பம் மாதிரி இழுத்து, டிரம்ஸை இயந்திரத் துப்பாக்கி வேகத்தில் அடித்து, தொண்டை கிழியக் கத்தி, அதையும் வேண்டுமென்றே கரகரவென்று பதிவு செய்கிற சங்கீதம். 90களில் நார்வேதான் இதற்குத் தலைநகரம். அதில் உல்வர் என்று ஒரு குழு. ஓநாய்கள் என்று அர்த்தம். 1995, 96, 97 என்று வரிசையாக மூன்று ஆல்பம் போட்டார்கள். மூன்றாவதுதான் இருப்பதிலேயே மூர்க்கம். ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். மறு வருஷம், 1998 கடைசியில், வில்லியம் பிளேக் என்ற ஆங்கிலக் கவிஞர் இருநூறு வருஷம் முன்னால் எழுதிய ஒரு முழுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் தாளமும் பேச்சும் பாட்டுமாக இரண்டு சிடிக்கு ஒரு கான்செப்ட் ஆல்பம் போட்டுவிட்டார்கள். ஒரு கூட்டம் 'இதுதான் கலை' என்றது. இன்னொரு கூட்டம் 'துரோகம்' என்றது.

எதிர் மேசைக்காரர் இரண்டாவது கூட்டம். சிடியை யாருக்கோ சும்மா கொடுத்துவிட்டாராம். நாலு வருஷம் கழித்துக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கினாராம். "அவங்க எங்களை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு தோணுச்சு" என்றார்.

கொசுவத்திச் சுருள் சுற்ற ஆரம்பித்துவிட்டது. இதே வார்த்தையை நான் 1986-ல் கம்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறேன். சொன்னவர் எங்க அப்பா. விட்டுவிட்டுப் போனதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் இளையராஜா.

அப்பாவின் கோபம் புரிய வேண்டுமானால் மலை ஏற வேண்டும். அப்பா பிறந்தது மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில். தாத்தா பாட்டி கொழுந்து பறித்தவர்கள். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று 1954-ல் பெரிய போராட்டமே நடந்தது. 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது அவை கேரளத்துக்கே போயின. இடுக்கி என்ற மாவட்டம் அப்போது கிடையாது, அது 1972-ல்தான் வந்தது. ஆக, எஸ்டேட்டில் வேலை செய்கிற ஜனம் பெரும்பாலும் தமிழ் பேசியது, ஆபீஸ் தாள் மலையாளம் பேசியது.

1957-ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். தேவிகுளத்தில் ஜெயித்தவர் ரோசம்மா புன்னூஸ். எதிர்த்து நிற்க வந்த காங்கிரஸ்காரர் பி.கே. நாயரின் வேட்புமனுவைத் தள்ளியது தப்பு என்று அந்தத் தேர்தல் செல்லாமல் போய், 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. மிகச் சிறிய பெரும்பான்மையில் ஓடிக்கொண்டிருந்த அரசு. ஒவ்வொரு சீட்டும் உயிர். ஓட்டுப் போட வேண்டியது தமிழ்த் தொழிலாளி. மலையாளத்தில் மேடை போட்டு என்ன பிரயோஜனம்? அடிவாரத்தில் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜனைக் கூப்பிட்டார்கள்.

பாவலர் ஆர்மோனியத்தோடு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் பாடினார். ஜனத்துக்கு ஏற்கனவே தெரிந்த சினிமா மெட்டிலும் நாட்டுப்புற மெட்டிலும் கட்சிச் சேதியை ஏற்றிப் பாடுவது அவர் வழி. கேட்டவர்கள் அடுத்த நாள் கொழுந்து பறிக்கும்போது அதையே முணுமுணுத்தார்கள். ரோசம்மா மறுபடி ஜெயித்தார். இந்தச் சமயத்தில்தான் பாவலரின் தம்பி ராசையா, பதினான்கு பதினைந்து வயசுப் பையன், அண்ணன் குழுவோடு மேடை ஏற ஆரம்பித்தான்.

அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்தப் பாட்டைக் கேட்டதாகவும், ஓரத்தில் ஒரு ஒல்லிப் பையன் பாடியதாகவும், அவன்தான் ராஜா என்றும் சொல்வார். அந்த ராத்திரி அந்த எஸ்டேட்டில் ராஜா இருந்தாரா என்பதற்கு அப்பாவின் ஞாபகம் மட்டுமே சாட்சி. நான் குறுக்கு விசாரணை செய்ததில்லை. செய்தால் சோறு கிடைக்காது.

அப்புறம் குடும்பம் கீழே இறங்கி, அப்பா கம்பத்தில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கெழுதப் போனார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொருத்தரும் அந்தப் படத்துக்குத் தாங்களே இசையமைத்த மாதிரி நடந்தார்கள் என்று அம்மா சொல்லுவார். பண்ணைப்புரம் எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் பஸ்ஸில் போகிற ஊர். "நம்ம மலைக்காத்து பாட்டுல வீசுதுடா தம்பி" என்பது அப்பாவின் விமர்சன முறை. வேறு முறை அவரிடம் கிடையாது.

1986-க்கு வருவோம். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா மகன் மதுரையிலிருந்து ஒரு கேசட் வாங்கி வந்தான். 'ஹவ் டு நேம் இட்?' படம் கிடையாது. பாட்டு கிடையாது. பாடுகிறவர் கிடையாது. வெறும் வாத்தியம். தியாகராஜருக்கும் யோஹன் செபாஸ்டியன் பாஹ்குக்கும் காணிக்கை. அப்பா டேப் ரிக்கார்டர் பக்கத்தில் சேரைப் போட்டு உட்கார்ந்தார். முதல் பக்கம் முடிகிற வரை பல்லவி வரும் வரும் என்று காத்திருந்தார். கேசட்டைத் திருப்பிப் போட்டோம். அதிலும் வரவில்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நம்மள விட்டுட்டுப் போயிட்டாரு."

சித்தப்பா மகன் விடவில்லை. "பெரியப்பா, இது உலகத்தரம்." "உலகம் கேட்டுக்கட்டும். எஸ்டேட்டுல கேப்பானா?" இப்படி ஒரு வாரம். இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த சண்டை என்று அப்போது நினைத்தேன். பின்னால் பார்த்தால் ஊர் ஊராக இதேதான். சபா ரசிகர்கள் 'இது கர்நாடக சங்கீதம் இல்லை' என்றார்கள். மேற்கத்திய இசை படித்தவர்கள் 'இது பாஹ் இல்லை' என்றார்கள். சினிமா ரசிகர்கள் 'இதுல பாட்டே இல்லை' என்றார்கள். மூன்று பேர் சொன்னதும் உண்மைதான் என்பதுதான் வேடிக்கை.

நான் அந்தக் கேசட்டை ஒரு கதையாகத்தான் கேட்டேன், இன்றும் அப்படித்தான். தலைப்புகளைப் பாருங்கள். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று ஆரம்பிக்கிறது. அப்புறம் 'மேட் மாட் மூட் ஃபியூக்'. பிறகு 'நீ சுதந்திரமாக இருக்க முடியாது' என்று ஒன்று, 'இது நிர்ணயிக்கப்பட்டது' என்று ஒன்று. சேம்பர் இசை தியாகராஜரை வரவேற்கிறது. 'பாஹை என் வீட்டில் சந்தித்தேன்', அடுத்தது 'பேசிக்கொண்டிருந்தோம்'. கடைசியில் 'ஒப்பிடாதே', 'எதையாவது செய்'. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் தன் ரசிகனிடம் பேச முடியுமா? பாஹ் இறந்தது 1750. தியாகராஜர் பிறந்தது 1767. சந்தித்திருக்கவே முடியாத இரண்டு பேரை ஒரே திண்ணையில் உட்கார வைக்கிற கதை.

திண்ணைப் பேச்சு சுலபமாகவும் இல்லை. நம் ராகத்தில் ஸ்வரம் ஆடும், வழுக்கும், பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு வரும். கமகம் இல்லாவிட்டால் ராகமே இல்லை. ஃபியூகில் ஒரு குரல் ஒரு மெட்டை எடுக்கும், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது குரல் அதே மெட்டோடு நுழையும், பிறகு மூன்றாவது. எல்லாம் ஒன்றோடொன்று இடிக்காமல் பொருந்த வேண்டும் என்றால் ஸ்வரங்கள் ஆடாமல் நிற்க வேண்டும். ஆட வேண்டியதும் நிற்க வேண்டியதும் ஒரே வயலின்! வி.எஸ். நரசிம்மன் அந்த வயலினை வாசித்ததைக் கேட்டால், ஒரே ஆள் இரண்டு பாஷையில் உளறாமல் பேசுகிற மாதிரி இருக்கும். (எங்கள் மலையில் அது அதிசயமில்லை. குமுளி பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் அதைத்தான் தினமும் செய்கிறார்.)

'கலப்படம்' என்று முகம் சுளித்த சபா ரசிகர்களுக்காக ஒன்று. அவர்கள் தெய்வமாக நினைக்கிற கச்சேரியில் பக்கவாத்தியமாக இருக்கிற வயலின் எங்கிருந்து வந்தது? முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர், தியாகராஜர் உயிரோடு இருந்த காலத்திலேயே, சென்னைப் பக்கத்தில் ஐரோப்பிய வயலினைக் கற்றுக்கொண்டு நம் இசைக்குக் கொண்டு வந்தார். முத்துசாமி தீட்சிதரே வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதியிருக்கிறார். நோட்டு ஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பாவலர் தேவிகுளத்தில் செய்ததும் அடிப்படையில் அதே வேலைதான், ஊர் மெட்டுக்குப் புது வார்த்தை. அப்பா உயிராகப் பிடித்துக்கொண்டிருந்த அந்த 'அசல்' பாட்டே பாதி ஒட்டுப் போட்டது. இதை அவரிடம் சொல்ல எனக்கு இருபது வருஷம் தைரியம் வரவில்லை.

இன்னொரு விஷயம். அதே 1986-ல்தான் 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு எம்.எஸ். விஸ்வநாதனும் இளையராஜாவும் சேர்ந்து இசையமைத்தார்கள். எம்.எஸ்.வி. பாலக்காடு எலப்புள்ளியில் பிறந்தவர். ஒருத்தர் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம், ஒருத்தர் இடுக்கி மலை அடிவாரம். அந்தக் கேசட் எங்கள் வீட்டில் தேய்ந்தே போனது. ஆக, அந்த வருஷம் ராஜா எங்கும் போய்விடவில்லை. ஒரு கையில் பாட்டும் இன்னொரு கையில் பெயரில்லாத ஒன்றும் வைத்துக்கொண்டு இங்கேயேதான் இருந்தார். நாங்கள் ஒரு கையை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம்.

திருப்பம் தூர்தர்ஷனில் வந்தது. பாலு மகேந்திராவின் 'வீடு', 1988-ல் வந்த படம், ஒரு நாள் போட்டார்கள். நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒரு சின்ன வீடு கட்ட அலைகிற கதை. பாட்டே கிடையாது. அப்பா அப்போது ஒரு தகரக் கூரையை ஓடாக மாற்ற மூன்று இடத்தில் கடன் கேட்டு அலைந்துகொண்டிருந்தார். சொக்கலிங்க பாகவதர் கட்டி முடியாத வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் இடத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். படம் முடிந்ததும், "அந்தப் பிடிலு என்னமோ பண்ணுதுடா" என்றார். நான் எழுந்து போய்ப் பழைய கேசட்டைப் போட்டேன். படத்தின் பின்னணிக்கு பாலு மகேந்திரா எடுத்துக்கொண்டது 'ஹவ் டு நேம் இட்'டைத்தான்.

அப்பா முழுசாகக் கேட்டார். பிடித்தது என்று மட்டும் சொல்லவில்லை. "மொதல்லயே கதையோட குடுத்திருக்கலாம்ல" என்றார். நியாயமான விமர்சனம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

பிறகு வந்ததையெல்லாம் விரிவாக எழுத ஆசையில்லை. 1988-ல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்', அதில் சண்டை குறைவு. 1993-ல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு சிம்பொனி பதிவானது, ஆனால் வெளிவரவில்லை. வராத இசைக்காக நாங்கள் போட்ட சண்டை, வந்ததற்குப் போட்டதைவிட அதிகம்.

2005-ல் திருவாசகம். நான் அதற்குள் இங்கே வந்துவிட்டேன். புடாபெஸ்ட் ஆர்கெஸ்ட்ரா, நடுவில் அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள். மறுபடி மூன்று கட்சி. 'ஓதுவார் மரபு என்ன ஆச்சு' என்று ஒன்று, 'இது சிம்பொனியே இல்லை, ஆரட்டோரியோ' என்று ஒன்று, 'ராஜா தொட்டால் எல்லாம் சிம்பொனிதான்' என்று ஒன்று. ஆரட்டோரியோ என்பதுதான் சரி. வாத்தியக் குழுவும் கூட்டுக் குரலும் தனிக் குரலும் சேர்ந்து, நடிப்பில்லாமல் பக்திப் பொருளைப் பாடுவது. என் கட்சி என்ன என்றால், தமிழ் வரும் இடங்களில் உருகினேன், ஆங்கிலம் நுழையும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் மாடிப்படியில் ஒரு படி குறைகிற மாதிரி தடுமாறினேன். என் மகளுக்கு அந்த ஆங்கிலம்தான் வாசல். அவளோடு இது பற்றி இன்னும் சமாதானம் ஆகவில்லை. நார்வேயில் வளர்ந்த பெண்ணிடம் ஆங்கிலம் எதுக்கு என்று கேட்டால் அவள், "உங்களுக்குத் தியாகராஜர் தெலுங்கு புரியுதாப்பா?" என்கிறாள். என்ன பதில் சொல்வது?

2025 மார்ச் 8-ல் லண்டனில் ராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் மேடையில் வாசித்தது.  மறுநாள் அப்பாவுக்குப் போன் போட்டேன். எண்பதை நெருங்குகிறார், காது கொஞ்சம் மந்தம். இரண்டு தடவை கத்திச் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது.

"பாட்டு உண்டா தம்பி?"

"இல்லப்பா. வெறும் வாத்தியம்தான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"பிடிலு இருக்குல்ல? வந்தா அனுப்பிவை."