கொழுக்கிப்புழுவும் மலையகத் தோட்டங்களும்

குருதிக் கலங்கள் என்பு மச்சையிலே தோன்றுவன. மச்சை ஓயாது தொழிற்படினும், இரும்பு போதாவிடின் அவை வெளிறியே பிறக்கும். சிறுகுடலிற் பற்றி நின்று குருதியை உறிஞ்சும் கொழுக்கிப்புழு, இவ்வாறே மனிதனைச் சோகைக்கு ஆளாக்குகின்றது. புழுவொன்றினால் நாளொன்றுக்கு இழக்கப்படுவது சில வகைகளில் 0.03 மில்லிலீற்றர் அளவேயாம். நூற்றுக்கணக்கில் அவை தங்குமிடத்து, அரைவயிற்றுணவு உண்பவனால் அவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது.

மிலான் நகரில் 1838இல் டுபினி என்பார் இப்புழுவைக் கண்டறிந்தார். ஆயினும் 1880ஆம் ஆண்டளவில், சென் கொதார்ட் மலைச் சுரங்கத்தைக் குடைந்த இத்தாலியத் தொழிலாளரிடையே சோகை பரவிய பின்னரே அதன் கொடுமையை மருத்துவ உலகம் உணர்ந்தது. புழுவின் முட்டை மலத்துடன் வெளியேறி, ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணிற் குடம்பியாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும். மழை ஓயாத மலைச்சாரலில், மலகூடமற்ற லயங்களைச் சூழ்ந்த மண் இதற்கு வாய்ப்பாக அமைந்தது. குளிர்மிக்க நுவரெலியா உச்சியினும் தாழ்ந்த தோட்டங்களே குடம்பிக்கு ஏற்றவை என்பதையும் இங்குக் கருதுதல் வேண்டும்.

தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் பலர் இப்புழுவைச் சுமந்தே வந்தனர். மூச்சு வாங்கி மேட்டில் நின்றவர் துரைமார் வாயிலும் கங்காணிமார் வாயிலும் ‘சோம்பேறி’ எனப்பட்டனர். நோயின் பெயரையே குணத்தின் பெயராக மாற்றிய இவ்வழக்கினும் பெரிய நோயறிதற் பிழை மலையக வரலாற்றில் வேறொன்று உண்டோ என்பது ஐயமே. பிழையைத் திருத்த வேண்டியிருந்தது சிறிதளவு மலமும் ஒரு நுணுக்குக்காட்டியுமே.

றொக்பெல்லர் நிறுவனத்தின் விக்டர் ஹெய்சர் இலங்கைக்கு வந்ததைத் தொடர்ந்து, 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. செனபோடிய எண்ணெயும் பேதியுப்பும் கொடுக்கப்பட்டன. இவ்வெண்ணெய் அளவு மிகின் நஞ்சாகும். ஆகவே மருந்தருந்தியோர் கண்காணிக்கப்பட வேண்டியவராயினர். குணமடைந்தோர் கூடுதலாக உழைப்பர் என்பது விளங்கவே, தோட்டக்காரர் மருந்தை விரும்பி ஏற்றனர். மலகூடம் கட்டுதலோ வேறு செய்தி. அதன் செலவு தோட்டத்தின் கணக்கில் விழுவது. ஆதலின் தயக்கமும் தாமதமும் தொடர்ந்தன. மருந்துண்டவர் மறுநாளே அதே மண்ணில் வெறுங்காலுடன் நடந்து, மீண்டும் புழுவுக்கு இடங்கொடுத்தனர்.

மருந்து மட்டும் போதாதென்பதை நிறுவனத்தாரும் கண்டனர். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டபோது, தடுப்பும் சுகாதாரக் கல்வியுமே முன்னிடம் பெற்றன. ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களின் லயங்களோ அதன் பின்னரும் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தன.